ஹால்டன்பியில் இறங்காத விமானம்

எங்கள் ஊர் கிரிக்கெட் மைதானத்தில் விமானம் எதுவும் இறங்கவில்லை. அது இறங்கியபோது நான் நூறு அடி தள்ளி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை என்று நோட்டில் எழுதியவளும் நான்தான். அந்த எழுத்தால் அப்பாவின் வேலையும் நாங்கள் குடியிருக்கும் வீடும் போக இருந்தன. இன்று சாயங்காலத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அப்பா நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை.

ஹால்டன்பி வான்காவல் சங்கத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர். என்னை விட்டுவிட்டால் மிக இளையவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சண்டை மூண்டால் ரஷ்ய விமானங்கள் முதலில் லிங்கன்ஷயருக்குத்தான் வரும், அதிலும் நேராக ஹால்டன்பிக்குத்தான் வரும் என்பது சங்கத்தின் நம்பிக்கை. வந்து எதன்மேல் குண்டு போடும், சர்க்கரைக் கிழங்கு வயல் மேலா என்று கேட்கக்கூடாது. நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். ஒரு வாரம் எனக்கு பிஸ்கட் தரவில்லை.

தலைவர் மிஸ்டர் மால்ட்பி ஓய்வுபெற்ற பல் டாக்டர். நாற்பது வருடம் ஊரார் வாயைத் திறந்து பார்த்தவர். தெருவில் போகிறவர்களை இன்றைக்கும் அவருக்கு முகத்தை வைத்துத் தெரியாது. கொட்டாவி விட்டால் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார். விமானங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஜெட் விமானத்தை அதன் எக்ஸாஸ்டை, அதாவது நெருப்பைக் கக்குகிற பின்பக்க ஓட்டையை வைத்து மட்டுமே அடையாளம் சொல்லவேண்டும் என்பது சங்கத்தின் முதல் விதி.

"முன்பக்கத்தப் பாத்து விமானத்தச் சொல்றது குழந்தைங்க வேலை," என்பார். "மூக்கு இருக்கும், ரெக்கை இருக்கும், சில நாட்டுக்காரன் கொடியே வரைஞ்சு வச்சிருப்பான். அதுல என்ன திறமை? முகம் நடிக்கும்மா. ஓட்டை நடிக்காது."

"சார், பின்பக்கம் தெரியுதுன்னா அது நம்மளத் தாண்டிப் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? குண்டு கூட போட்டுட்டுப் போயிருக்குமே?" என்றேன்.

"போட்டுட்டுப் போகட்டும். போட்டது யாருன்னு தப்பில்லாமத் தெரிய வேண்டாமா? வரும்போதே சொல்லிட்டு, அவன் பாதி வழியில மனசு மாறித் திரும்பிட்டான்னா யாரு பொறுப்பு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அன்று பிஸ்கட் கிடைத்தது.

வருடத்துக்கு ஒரு முறை பரீட்சை. ஊர் மண்டபத்தில் கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டு, செயலாளர் மிஸஸ் ஆட்லிங் புரொஜெக்டரைப் போடுவார். முப்பது ஸ்லைடு, முப்பதும் எக்ஸாஸ்ட் படங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை நொடிதான் தெரியும். ஒற்றை ஓட்டை என்றால் ஹண்டராக இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு என்றால் லைட்னிங். நாலு என்றால் வல்கன், அந்தப் பெரிய குண்டுவீச்சு விமானம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மிஸஸ் ஆட்லிங் எண்ணைச் சொல்லி, "ஓட்டை" என்று அறிவிப்பார். தேவாலயத்தில் ஜெபம் சொல்வது போலிருக்கும். ஊரில் எங்களை ஓட்டைக்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மதுக்கடை பெரில் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னடி ரோவீனா, இன்னைக்கு எத்தனை ஓட்டை?" என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்துவாள்.

ஒரே ஒரு விமானம்தான் சங்கத்தைச் சங்கடப்படுத்தியது. அது ஹாரியர். அதற்குப் பின்னால் ஓட்டையே கிடையாது. வயிற்றின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நாலு குழாய்கள் இருக்கின்றன. அவற்றைக் கீழே திருப்பினால் நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பும், மேலேயிருந்து நட்டக்குத்தாக இறங்கும். அது புதிதாக வந்தபோது மிஸ்டர் மால்ட்பி ஒரு கண்காட்சிக்குப் போய் அதன் வாலுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்று பார்த்தாராம். திரும்பி வந்து கூட்டம் போட்டார். ஏழுக்கு நாலு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது: பின்ஓட்டை இல்லாதது ஜெட் ஆகாது, ஜெட் ஆகாதது வராது.

பரீட்சை நாள் ஜூலை மாதச் சனிக்கிழமை. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அடித்த வெயில் மாதிரி யாரும் பார்த்ததில்லை. மே மாதத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு மழை இல்லை. குழாய் போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் விடத் தடை, வெளியில் நெருப்பு மூட்டத் தடை. மாவட்டம் முழுக்க ரொட்டிக் கருகல் நிறத்தில் கிடந்தது. எங்கள் மைதானத்தின் நடுவில் பந்து போடும் இருபத்திரண்டு கஜம் மட்டும் பச்சை. அப்பாதான் மைதானத்தைப் பராமரிப்பவர், எங்கள் வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். அம்மா குளித்து, நான் குளித்து, அப்பா குளித்த தண்ணீரை ஒவ்வொரு இரவும் வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவார். "சோப்பு புல்லுக்கு நல்லது," என்பார். நல்லதா என்று அவருக்கும் தெரியாது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு, முப்பது மைல் சுற்றளவில் அந்த ஒரு துண்டுப் பச்சைதான் தெரிந்திருக்கும்.

பதினேழாவது ஸ்லைடு போகும்போது சத்தம் வந்தது. ஜன்னல்கள் கடகடவென்று ஆடின. டீக் கோப்பைகள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாகக் குதித்தன. யாரும் திரும்பவில்லை. பரீட்சை நேரத்தில் வானத்தைப் பார்ப்பது காப்பி அடிப்பதற்குச் சமம் என்று விதி இருக்கிறது. நான் திரையின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்தேன். அப்பாவின் பச்சை மேல் ஒரு ஹாரியர் மெதுவாக உட்கார்ந்துகொண்டிருந்தது. ரோலர் பக்கத்தில் அப்பா தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினெட்டு," என்றார் மிஸஸ் ஆட்லிங், சுவர்ச் சுண்ணாம்பைத் தலைமுடியிலிருந்து தட்டிவிட்டு. "ஓட்டை."

பத்தொன்பதில் கதவு திறந்தது. விமானி உள்ளே வந்தார். தலைக்கவசம் கக்கத்தில். உடையில் டன்மோர் என்று தைத்திருந்தது.

"மன்னிச்சுக்கோங்க. அவசரமா இறங்க வேண்டியதாப் போச்சு. ஒரு போன் பண்ணிக்கலாமா?"

"உக்காருங்க," என்றார் மிஸ்டர் மால்ட்பி.

"இல்ல சார், ஒரு நிமிஷம்தான்..."

"பரீட்சை நடக்குது. ஒன்பதாம் விதி. உள்ள வந்தவங்க எழுதியாகணும்."

மிஸஸ் ஆட்லிங் அவர் கையில் தாளையும் பென்சிலையும் கொடுத்தார். பாவம், மீதி எல்லாவற்றையும் எழுதினார். முப்பதுக்கு நாலு. "ஆர்வம் இருக்கு, அடிப்படை இல்ல," என்றார் மிஸ்டர் மால்ட்பி, திருத்திவிட்டு. "சரி, நீங்க எப்படி வந்தீங்க?"

"பறந்து வந்தேன்."

"எதுல?"

"அதோ, வெளிய நிக்குதே சார்!"

எல்லாரும் வெளியே போனோம். மிஸ்டர் மால்ட்பி விமானத்தின் முன்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார். வாலுக்குப் பின்னால் போய் நின்றார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, தம்பி."

"பக்கத்துல நாலு இருக்கு சார். இதோ, கை வச்சுப் பாருங்க. சூடா இருக்கும், பாத்து."

"பக்கத்துல இருக்கிறது எங்க பாடத்துல கிடையாது. சங்கத்தைப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் வரலை. வராத ஆளுக்கு போன் எப்படிக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

விமானி தலைக்கவசத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். பிறகு பெரில் அக்காவின் கடைக்கு நடந்து போய் அங்கிருந்து போன் செய்தார். லாரியில் மெக்கானிக்குகள் வந்து ஏதோ குழாயை மாற்றினார்கள். இரண்டரை மணிக்கு விமானம் எழும்பிப் போனது. மதுக்கடைக் கூட்டம் முழுவதும் தெருவில் நின்று கைதட்டியது. நாங்கள் உள்ளே விடைத்தாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சங்கத்தில் வயதில் சிறியவர்தான் வான்நோட்டு எழுதவேண்டும்.

"பதினொண்ணுலருந்து மூணு வரைக்கும்," என்று மிஸ்டர் மால்ட்பி சொல்லச் சொல்ல எழுதினேன். "வானம் காலி."

"சார், ஆனா..."

"நீ என்ன பாத்தே, ரோவீனா?"

"விமானம் சார்."

"பின்னாடி எத்தனை ஓட்டை?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ?"

"வானம் காலி," என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஊராட்சிக் கூட்டத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு கஜத்தின் நடுவில் நாலு தழும்பு. இரண்டு கரிக்கட்டை மாதிரி. இரண்டு, கருகாமல் புல் மட்டும் பிய்த்தெறியப்பட்ட மொட்டை. நெருப்புத் தடை இருக்கும்போது மைதானத்தை எரித்தவர் யார் என்பதுதான் கேள்வி. அப்பா பைப்பில் புகை பிடிப்பவர் என்பது ஊருக்கே தெரியும்.

"விமானம் இறங்கிச்சுங்க. ஊரே பாத்துச்சு," என்றார் அப்பா.

ஊராட்சித் தலைவர் மிகவும் நியாயமான மனிதர். "பாத்தவங்க யாரும் பயிற்சி எடுத்த கண் இல்ல, மிஸ்டர் லெகட். மதுக்கடையிலேருந்து பாத்த கண். விமானப்படைக்கும் போன் போட்டுக் கேட்டோம். எங்க விமானம் எங்க போகுது, எங்க போகலன்னு சொல்ற வழக்கமில்லன்னு பதில் வந்திருக்கு. வானத்து விஷயத்துல நமக்கு நோட்டுதான் முடிவு. நோட்டுல வானம் காலி. வானத்துலேருந்து வரலன்னா நிலத்துலேருந்துதான் வந்திருக்கணும். நிலத்துல நீங்கதான் இருக்கீங்க."

வேலையை விட்டு, மைதானத்து வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும் என்று முடிவானது. சாட்சிக்காக நோட்டை அப்பாவிடமே காட்டினார்கள். அவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.  வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "எழுத்து அழகா இருக்கு கண்ணு," என்றார்.

அன்று இரவும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நோட்டைத் திருத்தச் சொல்லி மிஸ்டர் மால்ட்பியிடம் கெஞ்சினேன். "ஓட்டைப் படம் கொண்டா, திருத்தறேன்," என்றார். "படமில்லாம ஒரு எழுத்து மாத்த முடியாது." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு அப்பாவைப் பிடிக்கும். அப்பாவின் கடைவாய்ப்பல் இரண்டையும் கட்டியவர் அவர்தான்.

மறுநாள் ஸ்கோர் பலகைக்கு மேலே ஏறி, என் பெட்டிக் கேமராவால் அந்த நாலு தழும்பையும் படம் எடுத்தேன். படம் கழுவித் தரும் மருந்துக்கடையில் கொடுத்து ஸ்லைடாக்கினேன். அடுத்த கூட்டத்தில் யாரும் பார்க்காதபோது மிஸஸ் ஆட்லிங்கின் ஸ்லைடுத் தட்டில் கடைசியாகச் செருகினேன்.

"முப்பத்தொண்ணு இருக்கே?" என்றார் அவர்.

"புதுசு மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "முப்பத்தொண்ணு. ஓட்டை."

ஒன்றரை நொடி. பதினொரு பென்சில்கள் ஒன்றாக ஓடின. இருட்டில் நாலு வட்டம் தெரிந்தால் அந்தக் கைகள் தானாக எழுதிவிடும். நோட்டில் ஏறவேண்டுமானால் பன்னிரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும். பதினொன்றிலும் என்ன இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது.

என் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. எனக்குத் தெரியும். ஹாரியரின் முன்குழாய் இரண்டிலும் வருவது வெறும் காற்று. அது புல்லைப் பிய்க்கும், எரிக்காது. பின்குழாய் இரண்டில்தான் நெருப்பு. இரண்டு மொட்டை, இரண்டு கரி. உலகத்தில் வேறெந்த விமானமும் தரையில் அப்படி ஒரு கையெழுத்துப் போடாது. எங்கள் சங்கத்தின் வரலாற்றிலேயே இதைவிடத் தெளிவான எக்ஸாஸ்ட் படம் வந்ததில்லை.

வல்கன் என்று எழுதினேன்.

"ஏகமனதா வல்கன்!" என்றார் மிஸ்டர் மால்ட்பி, கண்கள் பளபளக்க. "எங்க எடுத்த படம்மா?"

"நம்ம மைதானத்துல சார். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மிஸஸ் ஆட்லிங்தான் மெதுவாகக் கேட்டார். "வல்கன்னா ரொம்பப் பெரிசாச்சே? ரெக்கையே நூத்திப் பதினோரு அடி. அப்போ பெவிலியன் எப்படி இன்னும் நிக்குது?"

"ரெக்கையப் பத்தி நாம பேசறதில்ல, ஐரிஸ்," என்றார் மிஸ்டர் மால்ட்பி.

நோட்டைத் திருத்தினார்கள். ஊராட்சித் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். நியாயமான மனிதர் என்று சொன்னேனே. நாலு தழும்பையும் சுற்றிக் கயிறு கட்டி, வல்கன் இறங்கிய இடம் என்று பலகை வைத்தார்கள். அங்கே புல் விதைக்கக்கூடாது என்று அப்பாவுக்கு உத்தரவு. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கயிற்றைத் தாண்டிப் பந்து போடுகிறார்கள்.

"வல்கனா கண்ணு அது?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "நான் பக்கத்துலயே நின்னேன். நம்ம டிராக்டரும் ரோலரும் சேர்ந்த மாதிரி, அவ்வளவுதான் இருந்துச்சு."

"சங்கம் சொல்லிடுச்சுப்பா."

"சரி. வீட்டுக் கூரையத் தூக்கிட்டுப் போகாம இறங்கினானே, கெட்டிக்காரன்."

இத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஆனால் முப்பத்தொன்றாம் ஸ்லைடைக் கண்டுபிடித்ததற்காக எனக்குப் பித்தளைப் பதக்கம் தருவது என்று சங்கம் முடிவு செய்தது. விழாவுக்கு ஒரு விமானியை அனுப்பச் சொல்லி விமானப்படைக்கு எழுதினார்கள். விருந்தினராக வருகிறவரும் ஸ்லைடைப் பார்த்துப் பெயர் சொல்லவேண்டும், அது நோட்டில் ஏறும். அவர் வேறு பெயர் சொல்லிவிட்டால் பழைய பதில் செல்லாது. பழைய பதில் செல்லாவிட்டால், மறுபடியும் வானம் காலி.

இன்று நாலரைக்கு விழா. ஐந்து மணி வரை விருந்தினர் வரவில்லை. ஐந்தே காலுக்குக் கதவு திறந்தது. வியர்வை சொட்டச் சொட்ட, சாலைப் புழுதியோடு, அதே டன்மோர்.

நான் நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுக்கோங்க. வெயில்ல கார் நின்னுடுச்சு, ரெண்டு மைல் நடந்து வர்றேன். ஒரு போன் பண்ணிக்கலாமா?"

"முதல்ல ஸ்லைடு," என்றார் மிஸ்டர் மால்ட்பி, கைகுலுக்கிக்கொண்டே. "நாம இதுக்கு முன்னாடி சந்திச்சதில்லையே?"

"ஒருவேளை நான் வந்திருக்க மாட்டேன்," என்றார் டன்மோர்.

விளக்கை அணைத்தார்கள். முன்வரிசையில் ஊராட்சித் தலைவர். கடைசியில் கதவோரம் அப்பா, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு.

"முப்பத்தொண்ணு. ஓட்டை."

ஒன்றரை நொடி ஆனது. இரண்டானது, ஐந்தானது. மிஸஸ் ஆட்லிங் படத்தை அணைக்கவில்லை. அவர் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. இந்தச் சங்கத்தில் இப்படி நடந்ததே இல்லை.

டன்மோர் திரைக்குக் கிட்டே போனார். "வேடிக்கையா இருக்கே," என்றார். "முன்னாடி ரெண்டும் கருகவே இல்லையே."

ஊராட்சித் தலைவரின் நாற்காலி கிரீச்சிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. டன்மோர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். டன்மோரும் அங்கே பார்த்தார். தொப்பியை, அதைத் திருகும் கையை, கை நகத்தில் இருந்த மைதானத்து மண்ணை.

"வல்கன்," என்றார். "நாலு ஓட்டை. சந்தேகமே இல்ல."

கூரை அதிரக் கைதட்டினார்கள். "அடிப்படை வந்துடுச்சு!" என்று மிஸ்டர் மால்ட்பி கத்தினார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

பதக்கத்தை என் சட்டையில் குத்தும்போது டன்மோர் குனிந்து கேட்டார். "அந்தப் பச்சைய வளத்தது யாரு?"

"எங்கப்பா. நாங்க குளிச்ச தண்ணியில."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஆனா அன்னைக்கு நான் வரவே இல்லையே, எப்படிக் கேக்கறது?" நிமிர்ந்து மிஸ்டர் மால்ட்பியிடம், "சார், இப்ப நான் வந்துட்டேன்தானே?" என்றார்.

"பரிபூரணமா."

"அப்போ ஒரு போன்?"

மிஸஸ் ஆட்லிங் ஏற்கெனவே போன் அறைச் சாவியை நீட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சீட்டியடித்துக்கொண்டே வந்தார். அடுத்த வருடம் பரீட்சைத் தாள் தயாரிப்பது நான்தானாம், முப்பத்தொன்றாம் கேள்வி கட்டாயமாம். அதெல்லாம் பரவாயில்லை. வீடு இருக்கிறது. அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார்.

இன்று மண்டபத்தில் அந்தப் படம் திரையில் விழுந்ததே, அந்த முதல் ஒன்றரை நொடியைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதை எடுத்தவள் நான். ஸ்கோர் பலகை மேல் ஏறும்போது சிராய்த்த முழங்கால் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நாலு வட்டத்தைப் பார்த்ததும் என் கை பென்சிலைத் தேடியது. எனக்கு அது வல்கனாகத்தான் தெரிந்தது.